சின்னப்பன் காய்ச்சிய பீர்

யேசுதாசன் மாலையும் கழுத்துமாக ராஜகீழ்ப்பாக்கத்து வீட்டுக்குள் காலெடுத்து வைத்த சற்று நேரத்தில், மாடிப்படிக்கு அடியில் இருந்த சின்ன அறைக்குள் ஏதோ டப்பென்று வெடித்தது. வந்திருந்த உறவுக்காரர்கள் யாரோ பட்டாசு கொளுத்துகிறார்கள் என்று சிரித்தார்கள். கல்யாணப்பெண் அருள்மேரி மட்டும் சிரிக்கவில்லை. பட்டுப்புடவையின் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு துடைப்பமும் முறமுமாக அந்த அறைக்குள் போனாள். கதவைத் திறந்தபோது கருகிய வெல்லமும் ஈரச் சாக்கும் கலந்தாற்போல ஒரு வாசனை கூடத்துக்கு வந்தது.

முறத்தில் பழுப்புக் கண்ணாடிச் சில்லுகளோடு அவள் வெளியே வந்தபோது யேசுதாசன் கேட்டான்.

"என்ன மேரி அது?"

"ஒண்ணும் இல்லீங்க. அவர் வெச்சுட்டுப் போன பீர். எப்பவாவது ஒரு பாட்டில் வெடிக்கும்."

'அவர்' என்றால் சின்னப்பன். அருள்மேரியின் முதல் கணவர். இது நடந்தது 1988இல். அதற்கு நாலு வருஷம் முன்பு, தாம்பரத்துக்கும் சானடோரியம் ஸ்டேஷனுக்கும் நடுவே தண்டவாளத்தைக் கடக்கும்போது மின்சார ரயில் மோதி அவர் இறந்துபோனார். யேசுதாசன் அவரைப் பார்த்ததே இல்லை. தங்கைகளைக் கரையேற்றிவிட்டு முப்பத்தெட்டு வயதில் கல்யாணத்துக்கு நின்றவனுக்கு, கோயிலில் தெரிந்தவர்கள் சொல்லித்தான் அருள்மேரியைத் தெரியும். சின்னப்பனைத் தெரிந்ததெல்லாம் கூடத்தில் மாட்டியிருந்த போட்டோ மூலம்தான். பேரீச்ச மரத்தடியில் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கும் ஒல்லியான ஆள். மீசை மட்டும் பெரிது.

அந்த வீடு சின்னப்பன் சவுதியில் சம்பாதித்துக் கட்டியது. தம்மாம் பக்கத்தில் ஒரு கம்பெனிக் குடியிருப்பில் ஏ.சி. மெக்கானிக்காக இருந்தார். அந்த நாட்டில் ஒரு சொட்டு மது கிடைக்காது. அதனால் அங்கே இருந்த வெள்ளைக்கார இன்ஜினியர்கள் குளியலறையில் டிரம் வைத்துத் தாங்களே பீர் போட்டுக்கொண்டார்கள். ஏ.சி. ரிப்பேருக்கு வீடு வீடாகப் போன சின்னப்பன் அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டார். எண்பத்திரண்டில் ஊருக்குத் திரும்பும்போது மற்றவர்கள் டேப்ரிக்கார்டரும் கம்பளமும் கொண்டுவர, அவர் பெட்டியில் பாட்டிலுக்கு மூடி அழுத்தும் கைக்கருவி ஒன்றும், கசப்பான ஏதோ ஒரு காய்ந்த பூ நிறைந்த பொட்டலங்களும் வந்தன.

இங்கே பீர் கடையில் கிடைத்தது. வீட்டில் காய்ச்சுவதுதான் குற்றம். ஆனாலும் சின்னப்பன் காய்ச்சினார். கிண்டியில் பந்தயக் குதிரைகளுக்குத் தீவனம் விற்கும் கடையில் உமி நீக்காத பார்லி வாங்கி, ஈரச் சாக்கில் கட்டி முளைவிட வைத்து, மொட்டை மாடியில் உலர்த்தி, இரும்புச் சட்டியில் வறுத்தெடுப்பார். பேக்கரியில் ஈஸ்ட் வாங்கி வருவார். பழைய பேப்பர் கடையில் காலி பீர் பாட்டில் பொறுக்கி வருவார். கடைசியாகப் போட்டதில் கருப்பட்டியும் நிறையச் சேர்த்தார். "இது இப்ப குடிக்கிறதுக்கு இல்ல, வருஷக்கணக்கா தூங்கணும்" என்று சொல்லி, படிக்கு அடியில் குழிவெட்டி, ஆற்று மணல் கொட்டி, தண்ணீர் தெளித்து, பாட்டில்களை அதற்குள் புதைத்தார். அதற்கு அடுத்த மாதம் இறந்துபோனார்.

அருள்மேரி சானடோரியம் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வேலையில் கெட்டிக்காரி, வீட்டில் பேச்சுக் குறைவு. அந்த மணலுக்கு வெயில் காலத்தில் இன்னமும் தண்ணீர் தெளித்துவந்தாள். யேசுதாசன் கேட்டபோது, "காஞ்சா சூட்டுல எல்லாம் வெடிச்சுடுங்க" என்றாள். அவன் மேற்கொண்டு கேட்கவில்லை.

அவன் தாம்பரம் ரயில் பணிமனையில் மின்சார வண்டிகளுக்கு பிரேக் சரிபார்க்கும் ஃபிட்டர். பெண் பார்க்க வந்த அன்றே அதைச் சொல்லிவிட்டான். சொன்னபோது அவள் முகத்தைப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. "வேலைதானே" என்று மட்டும் அவள் சொன்னாள். காற்றழுத்தத்தோடே பிழைப்பு நடத்துகிறவனுக்குப் பாட்டில் ஏன் வெடிக்கிறது என்று தெரியாதா? உள்ளே ஈஸ்ட் இன்னும் சாகவில்லை, இனிப்பைத் தின்று வாயுவை விடுகிறது, கண்ணாடி தாங்காதபோது உடைகிறது. அவ்வளவுதான். தனக்குத்தானே அப்படித்தான் சொல்லிக்கொள்வான்.

ஆனால் ஒரு மார்கழிக் குளிரில், எதிர்வீட்டுக் கனகவல்லி சொன்ன ஏதோ ஒரு கதைக்கு அருள்மேரி வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தபோது ஒன்று வெடித்தது. சிரிப்பு அப்படியே நின்றது. இன்னொரு தடவை, அவள் கர்ப்பம் என்று டாக்டர் சொன்ன அன்று. அந்தக் கரு தங்கவில்லை. அந்த நாட்களில் அவள் கண்ணாடியைக் கூட்டி அள்ளிக் கொட்டிவிட்டு யாரோடும் பேசாமல் படுத்துக்கொள்வாள். வாசனை மட்டும் ரெண்டு நாள் வீட்டுக்குள் நடமாடும். துணியில், தலையணையில், தண்ணீர்க் குடத்தில்கூட. யேசுதாசன் போட்டோவைப் பார்க்காமல் கூடத்தைக் கடக்கப் பழகிக்கொண்டான்.

இப்படியே ஏழு வருஷம் போயிற்று.

தொண்ணூற்றைந்தில், மேலே ஒரு போர்ஷன் கட்டி வாடகைக்கு விடலாம் என்று முடிவு செய்தார்கள். படியை வீட்டுக்கு வெளிப்பக்கம் மாற்ற வேண்டும் என்றார் மேஸ்திரி ஏசுபாதம். சனிக்கிழமை வந்து அளவெடுத்துவிட்டு அந்த அறைக்குள் எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார் இது, உள்ள மணலு கொட்டி வெச்சிகிறீங்க? திங்கக்கெழம படிய ஒடைக்கணும். நாளைக்கே இத்தயெல்லாம் எட்த்துடுங்க."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்து, உடை மாற்றி, இரண்டு பேரும் மணலைத் தோண்டினார்கள். வெளியே ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. சில்லும் கழுத்தும் அடிப்பாகமுமாக உடைந்தவைதான் நிறைய வந்தன. அருள்மேரி கையை உள்ளே விட்டு மெதுவாகத் துழாவி, முழுதாக இருந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்தாள். மூன்று மட்டும் மிஞ்சியிருந்தன. முந்தானையால் துடைத்து வரிசையாக வைத்துவிட்டு அவற்றையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"கொட்டிடலாமா?" என்று கேட்டான் யேசுதாசன்.

அவள் ஒரு பாட்டிலின் கழுத்தில் ஒட்டியிருந்த மணலை விரலால் தட்டிவிட்டாள்.

அவன் அதிகம் குடிக்கிறவன் இல்லை. பண்டிகைக்கு ஒரு தம்ளர் ஒயின், அவ்வளவுதான். ஆனால் ஏழு வருஷம் அந்த அறைக்குப் பக்கத்தில் படுத்து எழுந்தவன். உள்ளே என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும் என்ற எண்ணம் அந்த நேரத்தில் அவனுக்குள் வந்தது. அதில் கொஞ்சம் பொறாமையும் இருந்திருக்கலாம்.

"ஒண்ணத் திறந்து பாக்கலாமா மேரி? குடிக்கத்தான காய்ச்சினாரு."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு எழுந்துபோய் இரண்டு எவர்சில்வர் தம்ளர் எடுத்துவந்தாள்.

துருப்பிடித்த மூடியை அவன் நெம்பியபோது சீறும் என்று எதிர்பார்த்தான். சீறவில்லை. தூக்கத்தில் இருக்கிற ஒருவர் புரண்டு படுக்கும்போது விடுகிற மூச்சைப் போல ஒரு சத்தம் வந்தது. நுரை இல்லை. நிறம் கெட்டியான புளித்தண்ணீர் மாதிரி இருந்தது. தன் தம்ளரில் கொஞ்சம் ஊற்றிக்கொண்டு முதலில் நாக்கில் தொட்டுப் பார்த்தான். கெட்டுப்போகவில்லை. பீர் மாதிரியும் இல்லை. பேரீச்சம்பழம், கருப்பட்டிப் பாகு, வறுத்த தானியம், எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு கசப்பு. நாக்கில் பட்ட கசப்பு தொண்டைக்குள் இறங்கிய பிறகும் போகாமல் தங்கியது. அடுத்த வாய் குடித்தான். பிறகு அடுத்தது. அருள்மேரி தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

பாட்டில் பாதிக்குக் கீழே போனபோது மழை விட்டு வெயில் அடித்தது. ஜன்னல் வழியாக வெளிச்சம் நேராக அவன் முகத்தில் விழுந்தது.

"சிஸ்டர், அந்த ஜன்னலச் சாத்து. வெளிச்சம் கண்ணக் குத்துது."

சொன்னது தான்தான் என்பது யேசுதாசனுக்குத் தெரிந்தது. குரலும் தன் குரல்தான். ஆனால் அவன் ஒருநாளும் அவளை 'சிஸ்டர்' என்று கூப்பிட்டதில்லை. எப்போதும் 'மேரி'தான்.

அருள்மேரியின் தம்ளரில் இருந்தது மடியில் சிந்தியது. அதைத் துடைக்காமல் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள். திரும்பி வந்து அவனுக்கு எதிரே, முழங்கால் முட்டுகிற மாதிரி உட்கார்ந்தாள்.

"இன்னும் கொஞ்சம் குடிங்க," என்றாள்.

அவன் குடித்தான்.

"சவுதியிலேருந்து வந்தப்புறம் உங்களுக்கு வெளிச்சமே பிடிக்கல, இல்ல?" அவள் மெதுவாகக் கேட்டாள். "எப்பப் பாத்தாலும் ஜன்னலச் சாத்து, ஜன்னலச் சாத்து."

"அங்க பத்து வருஷம் வெயிலத்தான சிஸ்டர் பாத்தேன். கண்ண மூடினாலும் உள்ள வெயில் அடிக்குது. தூக்கமே வரல."

யேசுதாசன் தன் வாய் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தான். பயம் வரவில்லை. பக்கத்து அறையில் இரண்டு பேர் பேசுவதைக் கேட்பது போலத்தான் இருந்தது. அருள்மேரி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த பிடியில் நகம் பதிந்தது.

"அன்னிக்கி நைட் டூட்டி முடிஞ்சு வந்தேன். கொஞ்ச நேரம் உக்காந்து எங்கிட்டப் பேசு சிஸ்டர்னு சொன்னீங்க. நான் என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்கா?"

அவன் தம்ளரைக் கீழே வைத்தான்.

"எங்கயாவது போய்த் தொலைங்க, நான் தூங்கணும்னு சொன்னேன். போனீங்க. வரல." அவள் குரல் உடையவில்லை. பதினொரு வருஷமாக மனதுக்குள் சொல்லிச் சொல்லி வழவழப்பாகிப்போன வார்த்தைகள் அவை. "எல்லாரும் ஆக்சிடென்ட்டுன்னு சொன்னாங்க. நானும் ஆமான்னேன். நீங்க சொல்லுங்க. ரயில் வர்றதப் பாத்தீங்களா, பாக்கலயா?"

அப்போது யேசுதாசனுக்கு அது தெரிந்தது. கண்ணால் பார்த்தான் என்று சொல்ல முடியாது. முதலில் உள்ளங்காலில்தான் தெரிந்தது. ஜல்லிக் கல்லின் சூடு. வெறுங்கால். திரும்பிப் பார்த்தால் பின்னால், தண்டவாளத்துக்கு வெளியே, இரண்டு செருப்பும் ஒன்றையொன்று ஒட்டி ஜோடியாக இருக்கின்றன. எதிரே காலை வெயிலில் ரயிலின் முகவிளக்கு மஞ்சளாக, சக்தியில்லாமல் எரிகிறது. ஹாரன் சத்தம் கேட்கிறது. அழுகை இல்லை, ஆத்திரம் இல்லை. நாலு நாள் தூங்காதவன் விரித்துப்போட்ட பாயைப் பார்ப்பது போல அந்த ஆள் அந்த ரயிலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

"சொல்லுங்க," என்றாள் அருள்மேரி.

"பாக்கல சிஸ்டர்," என்றது அவன் வாய். "இந்தப் பக்கம் வந்த வண்டியப் பாத்துக்கிட்டே இருந்துட்டேன். அந்தப் பக்கம் வந்ததக் கவனிக்கல." பிறகு, யாரும் கேட்காமலே, "உம்மேல எனக்குக் கோபம் ஒண்ணும் இல்ல. தூக்கம்தான் வந்துச்சு."

அவள் அவன் மடியில் தலையை வைத்துக்கொண்டாள். அவன் கை அவள் தலையைத் தடவியது. அது யாருடைய கை என்று அவனுக்குத் தெரியவில்லை.

கண் விழித்தபோது பொழுது சாய்ந்திருந்தது. அடுப்படியில் அவள் வெங்காயம் வதக்கிக்கொண்டு ஏதோ மாதா பாட்டை முனகிக்கொண்டிருந்தாள். அவள் பாடி அவன் கேட்டதே இல்லை. மறுநாள் படி உடைபட்டது, மணலை வண்டியில் அள்ளிப்போனார்கள். தலையில் பூ வைத்துக்கொண்டு அவள் வேலைக்குக் கிளம்பினாள்.

யேசுதாசனுக்குத்தான் வேலை ஓடவில்லை. பள்ளத்தில் இறங்கி வண்டிக்கு அடியில் நின்று சக்கரத்தைத் தொடப்போனால் கை பின்வாங்கியது. பூட்ஸ் போட்டுக்கொண்டு ஜல்லியில் நடந்தாலும் உள்ளங்கால் சுட்டது. அந்தக் கசப்பு, எத்தனை தடவை வாய் கொப்பளித்தாலும் அடித்தொண்டையில் அப்படியே இருந்தது. குடிபோதையில் மனது கட்டிய கதை என்று நினைத்துக்கொள்ளப் பார்த்தான். இறந்தவர் யார், எப்படி இறந்தார் என்று தெரியும், போட்டோ தெரியும், மீதியைத் தானே கற்பனை செய்துகொண்டிருக்கலாம். ஆனால் அந்தச் செருப்பு? அதை யாரும் அவனிடம் சொன்னதில்லை.

கேட்கக்கூடிய ஆள் ஒருவர்தான் இருந்தார். தாம்பரம் மார்க்கெட்டில் எலக்ட்ரிக் சாமான் கடை வைத்திருந்த ஜமால். சவுதியில் சின்னப்பனோடு ஒரே அறையில் தங்கியிருந்தவர். அன்று காலை கடை திறக்கப் போகும் வழியில் கூட்டத்தைப் பார்த்து ஓடி, உடலை முதலில் அடையாளம் சொன்னதும் அவர்தான். அருள்மேரியை இன்றைக்கும் தங்கச்சி என்றுதான் சொல்வார்.

யேசுதாசன் போனபோது கடையில் ஆள் இல்லை. ஜமால் ஒரு டேபிள் ஃபேனைப் பிரித்துப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வாங்க சார். மேல கட்றீங்களாமே. வயரிங்குக்கு நம்மகிட்டயே எடுத்துக்குங்க."

"எடுத்துக்கறேன் பாய். அதுக்கு வரல. ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"சின்னப்பன் செத்த அன்னிக்கு, அவர் கால்ல செருப்பு இருந்துதா?"

ஜமாலின் கையில் இருந்த ஸ்க்ரூ டிரைவர் அசையாமல் நின்றது. பிறகு எழுந்து, கடை ஷட்டரைப் பாதிக்கு இறக்கிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"யாரு சொன்னா உங்களுக்கு?"

"யாரும் சொல்லல."

"யாரும் சொல்லியிருக்க முடியாது. எனக்கும் அல்லாவுக்கும்தான் அது தெரியும்." ஜமால் முகத்தை தோள் துண்டால் துடைத்துக்கொண்டார். "ஜல்லி மேல ஜோடியா வெச்சிருந்தான் சார். பள்ளிவாசல் படியில நாங்க கழட்டி வெப்போம் பாருங்க, அந்த மாரி நீட்டா. பாத்த ஒடனே புரிஞ்சிபோச்சு. கூட்டம் சேர்றதுக்குள்ள எடுத்து என் பையில போட்டுகினேன். போலீஸ் கேட்டப்ப, அவசரமா தாண்டினான்னு நானே சொன்னேன்."

"ஏன் பாய்?"

"வேற இன்னா பண்ண சொல்றீங்க? தானா உழுந்தான்னு தெரிஞ்சா உங்க சாமியாரு கல்லறையில எடம் தரமாட்டாருன்னு அப்ப பேசிப்பாங்க. அது நெஜமோ பொய்யோ, எனக்குத் தெரியாது. அந்தப் பொண்ணு நெலமயப் பாத்தேன். நைட் டூட்டி பாத்துட்டு வந்த அதே வெள்ளச் சேலையோட வந்து நின்னுது. அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் யோசிக்கத் தோணல. செருப்ப சேலையூர் ஏரியில போட்டேன்."

வெளியே பஸ் ஹாரன்கள் கேட்டுக்கொண்டிருந்தன. யேசுதாசன் அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததை முழுக்கச் சொன்னான். ஜமால் குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டு முடித்ததும் அவர் சந்தேகப்படவும் இல்லை, ஆச்சரியப்படவும் இல்லை.

"ரூம்ல இருக்கும்போதே அவனுக்குத் தூக்கம் கெட்டுப்போச்சு சார். ஏ.சி.ய நிறுத்திட்டு இருட்டுல உக்காந்துகினு இருப்பான். ஊருக்குப் போனா சரியாப்பூடும்னு நான்தான் சொல்லிச் சொல்லி அனுப்பி வெச்சேன்." ஜமால் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, எதற்கென்று தெரியாமல் மறுபடி கீழே வைத்தார். "தங்கச்சிக்குத் தெரியுமா?"

"தெரியாது. பாக்கலன்னு சொல்லிட்டேன். இல்ல, அவர் சொன்னாரு. யார் சொன்னதுன்னு எனக்குப் புரியல பாய்."

"யார் சொல்லியிருந்தாலும் நல்லதத்தான் சொல்லிகிறாங்க. அப்டியே இருக்கட்டும்."

ஆனால் அப்படியே இருக்கவில்லை. மிச்சமிருந்த இரண்டு பாட்டிலையும் அருள்மேரி அடுப்படியில் அரிசி டின்னுக்குப் பின்னால் எடுத்து வைத்திருந்தாள். நவம்பர் கடைசியில் ஒருநாள் சாப்பாடு பரிமாறும்போது கேட்டாள்.

"ஏங்க, கிறிஸ்துமஸுக்கு அதுல ஒண்ணத் திறக்கலாமா?"

அவள் முகத்தில் ஓர் ஆசை தெரிந்தது. அது தன்னைப் பார்த்து வந்ததல்ல என்பது யேசுதாசனுக்குப் புரிந்தது.

"எதுக்கு மேரி?"

"அவர்கிட்ட இன்னும் ஒண்ணே ஒண்ணு கேக்கணும். வலிச்சுதான்னு."

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். அவன் பயந்தது அவர் வந்துவிடுவார் என்பதற்கு அல்ல. மறுபடி வந்தால், இந்த முறை உண்மையைச் சொல்லிவிடலாம். அப்போது தன் வாயை யார் மூடுவது?

கொட்டிவிடுவது என்று முடிவு செய்தான். அவளுக்குப் பகல் டூட்டி இருக்கும் ஒரு நாளாகப் பார்த்து, அரை நாள் லீவு போட்டுவிட்டு மத்தியானம் வீட்டுக்கு வந்தான். மேலே கொத்தனார்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். கதவு சாத்தியிருந்தது, பூட்டவில்லை. உள்ளே அதே வாசனை.

அருள்மேரி அடுப்படித் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். யூனிஃபார்ம் சேலைகூட மாற்றவில்லை. பக்கத்தில் இரண்டு பாட்டிலும் காலியாக இருந்தன. கண் சிவந்திருந்தது. ஆனாலும் தெளிவாகத்தான் பேசினாள்.

"டூட்டிய மாத்திக்கிட்டு வந்துட்டேன். ரெண்டையும் நானே குடிச்சேன்."

யேசுதாசன் அவளுக்கு எதிரே உட்கார்ந்தான். "என்ன ஆச்சு?" என்றான்.

"ஒண்ணும் ஆகல. ஒரே கசப்பு. தலை சுத்துது. அவர் வரல." அவள் ஒரு பாட்டிலை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தாள். அடியில் இருந்த சேறு போன்ற வண்டல் மெதுவாக இறங்கியது. "எங்கிட்ட வரமாட்டாரு போல."

"தனியா எதுக்குக் குடிச்ச? கிறிஸ்துமஸுக்குன்னு சொன்னியே."

"அன்னிக்கு உங்க முகத்தப் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். ரயில் வந்ததப் பாத்தீங்களான்னு கேட்டப்ப, பதில் சொல்றதுக்கு முன்ன கொஞ்சம் தயங்கினீங்க. அவர் தயங்கமாட்டாரு. அவருக்குப் பொய் சொல்ல வராது. உங்களுக்கும் வராது, ஆனா எனக்காகன்னா நீங்க சொல்வீங்க." அவள் அவனை நேராகப் பார்த்தாள். "சொன்னது நீங்களா, அவரா?"

ஜமாலின் கடையில் பாதி இறங்கிய ஷட்டர் அவன் கண் முன்னால் வந்தது. இப்போது சொல்லிவிடலாம். எதிரே இருப்பவள் தினமும் சாவைப் பார்க்கிற பெண். தாங்கிக்கொள்வாள். தாங்கிக்கொண்டு, வெடித்த பாட்டிலைக் கூட்டி அள்ளியது போல அதையும் தனியாக அள்ளிவைத்துக்கொள்வாள்.

"தெரியல மேரி," என்றான். "சத்தியமா எனக்குத் தெரியல. என் வாய்தான் பேசுச்சு. யார் பேசினதுன்னு எனக்கே தெரியல."

அது பொய்யில்லை. அவள் நெடுநேரம் அந்த முகத்தைத் துருவிப் பார்த்துவிட்டுத் தலையசைத்தாள்.

"எம்மேல கோபம் இல்லன்னு சொன்னது?"

"அது நிஜம்."

அவன் கொஞ்சமும் தயங்கவில்லை. தயங்கவில்லை என்பதை அவள் பார்த்தாள். பிறகுதான் அழுதாள். போட்டோவில் இருந்தவர் இறந்த அன்றுகூட அவள் இப்படி அழுததில்லை என்று பின்னாளில் கனகவல்லி சொன்னாள். எதிர்வீடுவரை கேட்டதாம். யேசுதாசன் அவளைத் தடுக்கவில்லை. அவள் அழுது ஓய்ந்து, குமட்டி, இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். அவன் அவள் தலையைப் பிடித்துக்கொண்டான். சாயங்காலம் அவள் தூங்கிய பிறகு காலி பாட்டில் இரண்டையும் கழுவித் துடைத்துக் கொண்டுபோய்ப் பழைய பேப்பர் கடையில் போட்டுவிட்டு வந்தான்.

கிறிஸ்துமஸ் வந்தது, போனது. தைக்குள் மேல் போர்ஷன் முடிந்தது. ஒரு காலேஜ் வாத்தியார் குடும்பத்தோடு குடிவந்தார். வீட்டுக்குள் அதன்பிறகு எதுவும் வெடிக்கவில்லை. அருள்மேரி கனகவல்லியோடு வாசலில் நின்று சிரிக்கும் சத்தம் அடிக்கடி கேட்டது. சின்னப்பனின் கல்லறைக்கு மாதம் ஒரு முறை போய்க்கொண்டிருந்தவள் கல்லறைத் திருநாளுக்கு மட்டும் போனாள்.

அவளை விட்டுப் போனது எங்கே போயிற்று என்று யேசுதாசனுக்கு மட்டும் தெரியும். பணிமனையில் மேலதிகாரியிடம் கெஞ்சி, வண்டிக்கு அடியில் இறங்காத வேலைக்கு மாற்றிக்கொண்டான். ஜன்னலைச் சாத்திவைப்பது அவனுக்குப் பிடித்துப்போயிற்று. சில நாள் தூக்கம் வருவதில்லை. அப்போதெல்லாம் அவன் சின்னப்பனைத் திட்டுவதில்லை. முகம் தெரியாத ஒருவரோடு ஒரே பாயில் படுத்திருப்பவனைப் போல, கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டுப் படுத்துக்கொள்வான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். கீழே இருந்து அருள்மேரி, "ஏங்க" என்று கூப்பிட்டாள். அவன் அசையவில்லை. வேறு யாரையோ கூப்பிடுகிறாள், அவர் பதில் சொல்வார் என்று சும்மா நின்றான். அவள் இன்னொரு தடவை கூப்பிட்டபோதுதான் அந்த எண்ணம் அவனுக்கே தெரிந்தது. தொட்டியில் இருந்த கையை எடுத்தான். ஈரக்கையோடு படியிறங்கி வந்தான்.

அவள் அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். "எத்தன தடவ கூப்பிடறது? காது கேக்கலயா?"

"மேரி, என் பேரச் சொல்லிக் கூப்பிடேன்."

"புருஷன் பேரச் சொல்லியா?" அவள் சிரித்தாள்.

"ஆஸ்பத்திரியில அத்தன பேஷன்ட் பேரயும் சொல்லிக் கூப்பிடற. என் பேர ஒரு தடவ சொல்லு."

விளையாட்டு என்று நினைத்து, வரிசையில் நிற்கும் நோயாளியைக் கூப்பிடுகிற குரலில் உரக்கச் சொன்னாள்.

"யேசுதாசன்."

"இன்னொரு தடவ."

அப்போதுதான் அவன் முகத்தைச் சரியாகப் பார்த்தாள். சிரிப்பை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் வந்தாள். தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்த அவன் கையைப் பிடித்துக்கொண்டு, வேறு யாருக்கும் கேட்காதபடி, மெதுவாகச் சொன்னாள்.

"யேசுதாசன்."

அவன் தலையை ஆட்டினான்.

"சாப்பாடு ஆறுது," என்றாள். "வாங்க."